இருப்பதிலேயே மோசமான பேனல்

மொட்டை மாடியை முழுக்க அடைக்கிற மாதிரி பேனல் வேண்டும் என்று மோகன்குமார் கேட்டபோது, சபரிநாதன் கையிலிருந்த டேப்பைச் சுருட்டிவிட்டு இன்னொரு முறை விசாரித்தான்.

“எடத்தக் கம்மியா அடைக்கறதுதாங்ணா நல்ல பேனலு.”

“எனக்கு நெறையா அடைக்கறது வேணும்.”

“நெறையாங்கறது கரண்டுங்களா?”

“எடம்.”

சபரிநாதன் திருச்செங்கோட்டில் சோலார் கடை வைத்திருக்கிறான். ஏழு வருடமாக ஊர் ஊராக மாடி ஏறி இறங்குகிறவன். மேகம் மூடினால் காசைத் திருப்பித் தருவாயா என்று கேட்டவரைப் பார்த்திருக்கிறான். பக்கத்து வீட்டு வெயிலையும் சேர்த்து இழுக்கிற பேனல் இருக்கிறதா என்று காதோடு கேட்டவரையும் பார்த்திருக்கிறான். இடத்தை அடைக்கச் சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லை.

“இருக்கறதுலயே மோசமானது எது?” என்றான் மோகன்குமார்.

“மோசமானத நாங்க விக்கறதில்லீங்ணா.”

“வித்தா எத விப்பீங்க?”

சபரிநாதன் யோசித்தான். குடோனில் நீல நிறப் பழைய பேனல்கள் கிடந்தன. நூறு பங்கு வெயில் விழுந்தால் பதினாறு பங்கைத்தான் கரண்டாக்கும். இப்போது வருகிற கறுப்புப் பேனல் இருபத்திரண்டு பங்கு ஆக்கும். மூன்று கிலோவாட்டுக்குக் கறுப்பில் ஆறு பலகை போதும். நீலத்தில் பத்து வேண்டும். நடக்க வழி, தண்ணீர்த் தொட்டியின் நிழல், வரிசைக்கு வரிசை இடைவெளி எல்லாம் போனால் மாடியில் ஒரு சேலை காயப்போடக்கூட இடம் மிஞ்சாது.

“அதுதான் வேணும்,” என்றான் மோகன்குமார்.

அவனுக்குக் காரணம் இருந்தது. வெளியே சொல்கிற காரணம் இல்லை.

வையப்பமலைக்குப் பக்கத்தில் தோட்டத்தை ஒட்டிய வீடு அது. கட்டியவர் அவனுடைய அப்பா சின்னண்ணன். கீழ்த்தளத்தோடு நிறுத்தி, பின்னால் மேலே எடுத்துக்கொள்ளலாம் என்று தூண் கம்பிகளை மாடிக்கு மேலே நீட்டி விட்டிருந்தார். முள்ளம்பன்றி வீடு என்று அவன் மனைவி அபிநயா சொல்வாள். மோகன்குமார் எம்.எஸ்சி. வேதியியல். நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையின் ஆய்வகத்தில் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்று பார்த்து எழுதுகிற வேலை. வயது முப்பத்திரண்டு. அபிநயா போய்ப் பதினான்கு மாதம். டெங்கு. ஐந்து நாள்.

முதல் வருடம் யாரும் எதுவும் பேசவில்லை. வருடத் திதி முடிந்த நான்காம் நாள் தரகர் மாரியப்பன் வந்து காபி குடித்தார். மாரியப்பன் ஒரு வீட்டில் காபி குடித்தால் அங்கே ஜாதகம் வெளியே வந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். ராசிபுரம் பக்கம் ஒரு பெண், பேர் பிரபா, முதல் கல்யாணம் ஆறு மாதத்தில் ரத்தானது, இவனைப் பற்றிச் சொன்னதும் பெண் வீட்டார் சரி என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முதல் மனைவி படுத்த அறையில் தங்கள் பெண்ணைப் படுக்க வைக்க மாட்டார்கள். மேலே தனியாக ஓர் அறை எடுக்க வேண்டும், அட்டாச்டு பாத்ரூமோடு.

நிபந்தனை நியாயமானதுதான் என்று எல்லாருக்கும் பட்டது. மாப்பிள்ளை முன்னப்பின்ன இருந்தாலும் பாத்ரூம் அட்டாச்டாக இருக்க வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தில் இப்போது யாரும் மறுப்பதில்லை. சின்னண்ணன் அன்று சாயங்காலமே மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

மோகன்குமார் அன்றே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் பேச வேண்டும். பேசுவதைவிட மூன்று கிலோவாட் மலிவாகத் தெரிந்தது. மாடி நிறைந்துவிட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் பிரபா இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

சாக்குக்குக் கரண்டு பில் இருந்தது. அபிநயா போன பிறகு அவன் அறையில் ஏசி நிற்பதே இல்லை. மார்கழியிலும் ஓடியது. அவன் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தான். அறைக்குள் ஏதோ ஒன்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு மாத பில்லைப் பார்த்த சின்னண்ணன், லாரி டயர் அத்தனையும் ஒன்றாக வெடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, “சோலார் போட்டரலாமுங்கப்பா” என்றான்.

சின்னண்ணன் பில்லை மறந்துவிட்டார். பதினான்கு மாதமாக இட்லியா தோசையா என்று கேட்டால் “ஏதோ ஒண்ணு” என்கிற பையன், முதல்முறையாக ஒன்றை வேண்டும் என்கிறான். அம்மா காளியாத்தாள் மலைக்கோயிலுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். யாருக்கு மொட்டை என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

“செலவு ரெண்டு லட்சத்துக்குள்ள முடியோணும், பேனலு நல்லதா இருக்கோணும்,” என்றார் சின்னண்ணன். நடுத்தரக் குடும்பத்தார் எதை வாங்கினாலும் சொல்வது அது.

அப்படித்தான் சபரிநாதன் மாடிக்கு வந்தான். நீலப் பேனல் என்று முடிவாகி, அவன் அதைத் தாளில் எழுதப் போகிற நேரத்தில், முட்டியைப் பிடித்துக்கொண்டு சின்னண்ணன் படியேறி வந்தார்.

“தம்பி, ரெண்டுல எது நல்லா இழுக்கும்?”

இரண்டு லாரி வைத்து ஓட்டியவர் அவர். இரண்டையும் விற்று ஆறு வருடமாகிறது. இன்னும் எதைப் பார்த்தாலும் இழுவையைத்தான் கேட்பார். காளியாத்தாளுக்குக் கண் ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் கேட்டிருக்கிறார்.

“ரெண்டும் மூணு கிலோவாட்டுதானுங்கய்யா. நாளைக்குப் பன்னெண்டு யூனிட்டு, அட்டியில்லாம வரும். கறுப்பு போட்டாலும் அதே, நீலம் போட்டாலும் அதே.”

“அப்பறம் கறுப்புக்கு எதுக்கு வெல ஜாஸ்தி?”

சபரிநாதன் பொய் சொல்லிப் பழகாதவன். வியாபாரத்தில் அவன் முன்னுக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம். “எடமுங்க. அது பத்துப் பலகை, இது ஆறு பலகை. கறுப்பு போட்டீங்கன்னா பாதி மாடி மிச்சமாகும்.”

“பாதி மாடி,” என்றார் சின்னண்ணன். இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். “அப்ப ரூமுக்கு எடமாச்சுதே.”

மோகன்குமார் சபரிநாதனைப் பார்த்தான். தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று சபரிநாதனுக்குத் தெரிந்தது. எதை என்று தெரியவில்லை.

“கறுப்பே போடு தம்பி. ரெண்டு லட்சத்துக்கு மேல பத்து இருவது போனாப் போகுது.”

மூன்று நாள் மோகன்குமார் சும்மா இருந்தான். நான்காம் நாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது காளியாத்தாளிடம் சொன்னான். சத்தமில்லாமல், உப்புக் கேட்கிற மாதிரி.

“பேனல தெக்க பாத்துத்தான் போடோணுமாம்மா. தெக்குப் பக்கம் பூரா அதுக்குப் போயிரும்.”

“போவட்டும் சாமி.”

“ரூமு வடகெழக்கு மூலையில வருது. பாத்ரூமு அதுக்கும் ஓரமா.”

காளியாத்தாள் குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். “ஈசானியத்துலயா?”

“அங்கதான் எடம்.”

“ஈசானியத்துல கக்கூஸா?”

“அட்டாச்டு,” என்றான் மோகன்குமார்.

அவ்வளவுதான். சின்னண்ணன் செக்போஸ்ட்டுக்குப் பயந்தவர் இல்லை. ஆர்டிஓவுக்குப் பயந்தவர் இல்லை. காளியாத்தாள் சொல்கிற மூலைக்குப் பயப்படுவார். ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், தென்மேற்கிலிருக்கும் கன்னி மூலைதான் உயர்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் அவள் ராத்திரி சாப்பாட்டுக்குள் பதினோரு முறை சொன்னாள். சின்னண்ணன் மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். மறுநாள் மேஸ்திரிக்குப் போன் போட்டு, கொஞ்சம் பொறு என்றார்.

வாஸ்துவில் மோகன்குமாருக்கு நம்பிக்கை கிடையாது. ஆய்வகத்தில் எந்த மூலையில் வைத்தாலும் மக்காச்சோளத்தில் பூஞ்சை ஒன்றாகத்தான் வளரும். ஆனாலும் ஒளிந்துகொள்ள அது வசதியாக இருந்தது. ஒன்பது நாள் நன்றாகத் தூங்கினான், இரண்டு போர்வையோடு.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சபரிநாதனின் பைக் வாசலில் நின்றது. கூப்பிட்டது சின்னண்ணன். மாடியில் அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு வைத்திருந்தார். லாரி ஆபீசில் ரூட் மேப் போட்ட கை, கோடெல்லாம் நேராக இருந்தது.

“இங்க பாரு தம்பி. ரூமு கன்னி மூலையில. அங்க இருக்கற தண்ணித் தொட்டிய இறக்கி வெச்சுட்டு, பன்னெண்டுக்குப் பதினாறு ரூமு. பேனல அந்த ரூமுக்கு மேல ஏத்திப்போட்டா என்ன?”

சபரிநாதன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “போடலாமுங்க.”

“எடம் பத்துமா?”

“நீலம் பத்தாதுங்க. கறுப்பு ஆறு, கணக்கா ஒக்காரும். ஹை எஃபிஷியன்சி பேனலே அதுக்குத்தானுங்களே.” சொல்லி முடித்த பிறகு மோகன்குமார் நிற்பதைப் பார்த்தான்.

சின்னண்ணன் மகனைத் திரும்பிப் பார்த்தார். “கன்னி மூலையும் ஒசந்துருச்சு. பேனலுக்கு நெழலும் இல்ல. உங்கம்மாகிட்டயும் கேட்டுட்டேன். படிச்சவன் உனக்கு இது தோணலியே.”

தோன்றியிருந்தது. தோன்றிய அன்றே அதை வேறு யாரும் யோசிக்கக் கூடாது என்றுதான் அவன் பேசாமல் இருந்தான். இப்போது வாஸ்துவும் வெயிலும் மாரியப்பனும் ஒரே மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“அத்தன ஒசரத்துல காத்து தூக்கிராது?” என்றான்.

“நூத்தம்பது கிலோமீட்டர் வேகம் தாங்குமுங்ணா,” என்றான் சபரிநாதன். அவனுக்கே அது வருத்தமாக இருந்தது.

“கொரங்கு?”

“கண்ணாடியில மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருமுங்ணா.”

“இடி விழுந்தா?”

“அதுக்கொரு கம்பி வெக்கறமுங்ணா.”

மோகன்குமாரிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. சின்னண்ணன் சட்டைப் பையில் போன் அடித்தது. மாரியப்பன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம். லாரிச் சத்தத்தில் முப்பது வருடம் கழித்த காது அது.

“ஐயா, ராசிபுரத்துக்காரங்க பொதங்கெழம ஊடு பாக்க வாராங்களாமுங்க. மாடி ரூமு என்னாச்சுன்னு கேக்கறாங்க.”

“வேல தொடங்கியாச்சுன்னு சொல்லு மாரியப்பா. கன்னி மூலையில—”

“சொல்லாதீங்கப்பா,” என்றான் மோகன்குமார்.

சின்னண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்தார். ஸ்பீக்கரில் இருந்ததைக் காதில் வைத்திருந்தார்.

“எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்கப்பா.”

“அலோ,” என்றது போன். “அலோ, ஐயா.”

“சித்த நேரங்கழிச்சுக் கூப்புடறன்,” என்று சின்னண்ணன் அணைத்தார்.

சபரிநாதன் பையைத் தோளில் மாட்டினான். “நான் கீழ போயி மீட்டரப் பாத்துட்டு வாரனுங்க.”

“இரு தம்பி,” என்றார் சின்னண்ணன். தனியாக நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. “வேண்டாம்னா, எத்தன நாளைக்கு வேண்டாம்?”

“தெரியல.”

“தெரியலன்னா எப்புடிறா? லாரிக்கே எஃப்சி தேதின்னு ஒண்ணு இருக்குது.”

மோகன்குமார் சபரிநாதனைப் பார்த்தான். “பேனலுக்கு வாரண்டி எத்தன வருசம்?”

“இருவத்தஞ்சுங்ணா.”

“அத்தன வருசம்.”

“இருவத்தஞ்சு வருசங்கழிச்சு உனக்குப் பொண்ணு எவன்டா குடுப்பான்? பாக்க நான் இருப்பனா?”

“இன்வெர்ட்டருக்கு அஞ்சு வருசந்தானுங்க,” என்றான் சபரிநாதன். வாரண்டி என்றதும் முழு விவரத்தையும் சொல்லிவிடுவது அவனுக்குப் பழகிப்போன ஒன்று. இருவரும் அவனைப் பார்த்தார்கள். “நான் பொதுவாச் சொன்னனுங்க.”

“அஞ்சு,” என்றார் சின்னண்ணன் உடனே.

“பலகை கெட்டுப்போனா மாத்திக் குடுக்கறது?” என்றான் மோகன்குமார்.

“அது பன்னெண்டுங்ணா.”

“பன்னெண்டு.”

“பன்னெண்டெல்லாம் ஆவாது. அஞ்சுக்கு மேல ஒரு நாள் தர மாட்டன்.” சின்னண்ணன் விரலை நீட்டினார். மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி நின்றார். பிறகு விரலை இறக்கிக்கொண்டார். “ஏண்டா. அந்தப் புள்ளயப் புடிக்கலியா? போட்டோவக்கூட நீ பாக்கல.”

“அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு. பாவம்.”

“அப்பறம்?”

சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருந்தது. மோகன்குமார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். சுவர் சுட்டது. நகரவில்லை.

“கீழ இருக்கற ரூமுல தூங்கப் பழகறதுக்கே பதினாலு மாசமாயிருச்சுங்கப்பா. இப்பவும் ஏசி நின்னா முழிப்பு வந்துருது. மேல ஒரு ரூமு கட்டி அங்க போயிப் படுடான்னா, மறுக்கா மொதல்ல இருந்து தொடங்கோணும். அந்தப் புள்ளயும் பக்கத்துல படுத்துக்கிட்டு, இவன் எப்பத் தூங்குவான்னு பாத்துக்கிட்டே இருக்கும். என்னால ஆவாது.”

அவன் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பேசினால் மனசு இலேசாகும் என்று ஆலையில் நாலு பேர் சொல்லியிருந்தார்கள். இலேசாகவில்லை. வாய் மட்டும் வறண்டிருந்தது.

சின்னண்ணன் காலண்டர் தாளை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடியவில்லை. சபரிநாதன் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

“அந்த ஏசிய நீ நிறுத்தறதே இல்லியே, உள்ளுக்குள்ள அத்தன வேக்காடான்னு நானும் உங்கம்மாவும் பேசிக்குவோம்,” என்றார் சின்னண்ணன் கடைசியில். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல.”

போனை எடுத்தார். இந்த முறையும் ஸ்பீக்கர்தான்.

“மாரியப்பா. ராசிபுரத்துக்காரங்களப் பொதங்கெழம வர வேண்டாம்னு சொல்லிப்போடு.”

“ஏனுங்க? ரூமுக்கு எடம் கெடைக்கலீங்களா?”

“எடமெல்லாம் தாராளமா இருக்குது. பையனுக்கு இப்ப வேண்டாமாமப்பா. அவங்க புள்ளைக்கு வேற நல்ல எடமாப் பாரு. தங்கமான புள்ளன்னு நீதான சொன்ன.”

“பின்னால மனசு மாறுனாருன்னா?”

சின்னண்ணன் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். “அஞ்சு வருசங்கழிச்சு வா,” என்றார்.

“பன்னெண்டு,” என்றான் மோகன்குமார்.

“இங்க இன்னும் பேரம் முடியல மாரியப்பா. நீ வெய்யி.”

போனைப் பையில் போட்டார். கீழேயிருந்து காளியாத்தாள், சபரி தம்பிக்கும் சேர்த்து உலை வைக்கட்டுமா என்று கேட்டாள். சின்னண்ணன் வை என்றார். சபரிநாதன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான், நிலைமையைப் பார்த்து மூடிக்கொண்டான்.

“அப்பறம் பேனலு?” என்றான். அவனுக்கு அது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் வேறு. “நீலங்களா, கறுப்புங்களா?”

மோகன்குமார் மாடியைப் பார்த்தான். அடைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எதைப் போட்டாலும் சரி என்று சொல்ல வந்தான். வெறுமனே ஏதோ ஒன்று என்று சொல்லலாம். கைப்பிடிச் சுவரின் சூடு சட்டைக்குள் இறங்கியிருந்தது. அவன் முதுகை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“பேனலும் இப்புடித்தான சூடாகும்,” என்றான். “சூடானா கரண்டு கொறையுமா?”

சபரிநாதன் தோளில் மாட்டிய பையைத் திரும்ப இறக்கினான். மோகன்குமார் பேனலைத் தெரிந்துகொள்வதற்காகவே கேட்ட முதல் கேள்வி அது.

“கொறையுமுங்ணா. நம்ம பங்குனி சித்திர வெயிலுக்கு நல்லாவே கொறையும். நீலத்துல ஜாஸ்தி எறங்கும். கறுப்புலயே ரெண்டு ரகம் இருக்குதுங்க, அதுல ஒண்ணு கம்மியா எறங்கும்.”

“வெயில் ஏறுனா கரண்டு கொறையுமா?” என்றார் சின்னண்ணன். “என்ன தம்பி பேசற? வெயில்லதான கரண்டே வருது.”

“வெளிச்சம் வேறைங்கய்யா, சூடு வேறைங்க.”

“ரெண்டும் அதே சூரியன்தான?”

“எவ்வளவு கொறையும்?” என்றான் மோகன்குமார். “ஒரு டிகிரிக்கு எவ்வளவு? எழுதி வெச்சிருக்காங்களா?”

“இருக்குதுங்ணா, கம்பெனித் தாள்லயே இருக்குது.” சபரிநாதன் பையின் அடியில் கைவிட்டுத் துழாவினான். இதுவரை எந்த வீட்டிலும் வெளியே எடுக்க வேண்டி வராத தாள் அது. ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

மோகன்குமார் அதை வாங்கித் தொட்டியின் நிழலில் கீழே விரித்து வைத்து உட்கார்ந்தான். சின்னண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் திருப்பினார். அவன் மறுபடியும் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.